பேசின் பிரிட்ஜில் இறங்கலாமா, இருக்கலாமா?

திருநின்றவூரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்னையில் செல்போன் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியில் வேலை. நான் பரமபதம் மாதிரி ஆட்டங்கள் செய்தே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவள் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, "நல்ல ஆட்டம்னா எப்படிங்கம்மா இருக்கணும்?" என்று கேட்டார்கள். கூடவே தாங்கள் செய்த ஒன்றை ஆடிப் பார்க்கச் சொல்லி செல்போனை நீட்டினார்கள். ஆடினேன், தோற்றேன், கோபம் வந்தது. இந்த வயதிலும் எனக்குத் தோற்கப் பிடிக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"இதுக்கு ஒரே வரியில பதில் கிடையாதுப்பா. பேசின் பிரிட்ஜ் சங்கதியைச் சொன்னாத்தான் புரியும்" என்றேன். வாயால் சொன்னால் எங்கெங்கோ போய்விடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன்.

ஐம்பதுகளில் திருவள்ளூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு அச்சகம் இருந்தது. முதலாளி பழவேற்காட்டுக்காரர். அவர் குடும்பத்தில் எல்லாருக்கும் கருவாடு, இறால் வியாபாரம். இவருக்கு மட்டும் அச்சு மேல் ஆசை வந்து இங்கே வந்துவிட்டார். அவரை நாங்கள் பாய் என்போம், அவர் மகனைச் சின்ன பாய் என்போம். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், சோடா லேபிள் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஓடும். மார்கழி வந்தால் வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதப் படம். கண் விழிக்கிறவர்கள் விடிய விடிய ஆடுவார்களே, பாம்பும் ஏணியும் போட்ட அதே படம்தான். அச்சகத்தின் பின்பக்கம் ஒரு நீள மேஜை. அங்கே பெண்கள் ஐந்து பேர் படத்தை அட்டையில் ஒட்டி, ஓரம் வெட்டி, பகடையும் காயும் சேர்த்துப் பொட்டலம் கட்டுவோம். அதற்கு ஆட்டப் பிரிவு என்று பெயர். எட்டாவது முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். மேஜைக்குத் தலைவி கன்னியம்மா அக்கா. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் எவ்வளவு மயில்துத்தம் போட வேண்டும் என்று அவள்தான் காட்டிக் கொடுத்தாள். முதல் இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. பசை, அட்டை, மறுபடி பசை.

ஆனால் பாய் ஆட்டத்தைச் சோதிக்கிற விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. வருஷா வருஷம் அவர் பாம்புகளை இடம் மாற்றுவார். போன வருஷம் வாங்கியவன் இந்த வருஷமும் வாங்க வேண்டுமே! புதுப் படம் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு வந்து எங்களில் நாலு பேரை ஆடச் சொல்வார். ஆட்டம் தொடங்கியதும் ஸ்டூலை எதிர்ப்பக்கம் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். கையில் டீ. கண்கூட மூடியிருக்கும்.

"இன்னா பாய், பாக்கவே மாட்டேன்றீங்க?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"கண்ணால பாத்தா ஏமாந்துடுவே சரோஜா. படம் ஷோக்கா கீது, காயி பளபளன்னு கீதுன்னு மயங்கிடுவே. ஆட்டத்த காதால கேக்கணும்."

பாதி ஆட்டத்தில் திடீரென்று, "கன்னியம்மா தோத்துக்கினு கீது. சரியா?" என்பார். சரியாக இருந்தால் அந்தப் படம் அவ்வளவுதான், மறுபடி பாம்பை மாற்ற உட்கார்ந்துவிடுவார். "நா கண்டுபுடிச்சிட்டேன்னா ஆட்டம் சரியில்லன்னு அர்த்தம். தோக்கறவங்க குரல் சாவக் கூடாது. கடேசி வரிக்கும் அவங்களுக்கும் ஒரு ஆசை இருந்துக்கினே இருக்கணும்" என்பார்.

இன்னொரு சோதனை ஆட்டம் முடிந்த பிறகு. யாரும் எதுவும் கேட்கக் கூடாது, நன்றாக இருந்ததா என்று வாயே திறக்கக் கூடாது. பாய் மீதி டீயைக் குடிப்பார். அதற்குள் ஆடினவர்களில் யாராவது தானாகவே காயை எடுத்து முதல் கட்டத்தில் வைத்து, "இன்னொரு ஆட்டம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அச்சுக்குப் போகும். ஒரு தடவைகூட அவர் ஆடி நான் பார்த்ததில்லை. கேட்டால், "நா ஆடினா ஜெயிக்கத்தான் பாப்பேன். அப்பறம் யாரு கேக்கறது?" என்பார்.

எனக்கு ஒரு குணம். தோற்றால் சும்மா இருக்க மாட்டேன். இந்தப் பாம்பு இங்கே இருப்பது அக்கிரமம், இந்த ஏணி யாருக்குமே பயன்படாது என்று மேஜையைத் தட்டிச் சண்டை போடுவேன். "பாய் முன்னாடி இப்படியா கத்துவே?" என்று கன்னியம்மா அக்கா தொடையில் கிள்ளுவாள். பாய்க்கு அந்தக் கத்தல் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் பாம்பை எங்கே வைக்கலாம் என்று என்னிடமே கேட்க ஆரம்பித்தார். சம்பளம் கூடாவிட்டாலும் என் தலைக்கனம் கூடியது.

ஒரு தீபாவளி முடிந்த வாரம். சின்ன பாய் மேஜைப் பக்கம் வந்து இடத்தை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து லேபிள் வெட்டும் மிஷின் வாங்கப் போகிறாராம். மனிதர் கெட்டவர் இல்லை, கணக்காகப் பேசுவார். "ஏகாதசிக்கு மட்டும் ஓடற ஆட்டத்துக்கு வருஷம் பூரா எதுக்கு வாப்பா இவ்ளோ பெரிய மேஜை?" என்று அப்பாவிடம் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் மேஜை போனால் நாங்கள் ஐந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கன்னியம்மா அக்காவுக்குப் புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். எனக்கோ, இந்த வேலையை விட்டால் உலகத்தில் வேறு வேலையே இல்லை என்று தோன்றியது.

பாய் யோசித்தார். "தை அமாவாசைக்குக் கோயிலுக்கு ஊரே திரண்டு வரும். அதுக்குள்ள எல்லா நாளும் ஓடற மாதிரி புது ஆட்டம் ஒண்ணு கொண்டா சரோஜா. ஆடினவங்க தானா இன்னொரு ஆட்டம் கேட்டா மேஜை இருக்கும். கேக்கலேன்னா மிஷின் வரும்." மகனைப் பார்த்து, "சரிதானே?" என்றார். சின்ன பாயும் தலையாட்டினார்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! பயப்பட வேண்டிய நேரத்தில் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆட்டம் மனதில் தயாராகவே இருந்தது. ரயில் ஆட்டம்! என் அக்காவைக் கும்மிடிப்பூண்டியில் கொடுத்திருந்தோம். இப்போது ஆலையும் புகையுமாக இருக்கிற அந்த ஊரில் அப்போது ஸ்டேஷனை விட்டு இறங்கினால் வயல்தான். அங்கே போய் வந்து எனக்கு இரண்டு தடமும் அத்துப்படி. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வழி, திருவள்ளூரிலிருந்து ஒரு வழி, எதிலும் புறப்படலாம், இரண்டும் பேசின் பிரிட்ஜில் சேர்ந்து சென்ட்ரலுக்குப் போகும். யார் முதலில் சென்ட்ரல் வாசலைத் தாண்டுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். எண்ணூரில் மீன் கூடை ஏறுகிறது, ஒரு முறை நில். ஆவடியில் பட்டாளத்து ஸ்பெஷல் வருகிறது, வழி விடு. பொன்னேரியில் டிரைவருக்குச் சூடான டீ, இரண்டு கட்டம் முன்னே போ. பேசின் பிரிட்ஜில் எல்லா வண்டியும் நிற்கும், அது ஊருக்கே தெரியும். கைகாட்டி, அதாவது சிக்னல், இறங்கினால்தான் உள்ளே விடுவார்கள். ஆகவே அந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் பகடையில் ஒன்று விழுந்து கைகாட்டி இறங்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டும் என்று வைத்தேன். என்ன பிரமாதமான தண்டனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

சோதனை நடந்தது. ஆவடி வரை ஒரே சிரிப்பு. பேசின் பிரிட்ஜ் வந்ததும் ஒவ்வொருத்தராக அடங்கினார்கள். பகடையை உருட்டுவது, உதட்டைப் பிதுக்குவது, தள்ளி வைப்பது. பாய் முதுகைத் திருப்பாமலே, "ரெண்டு பேரு செத்துட்டாங்க. மூணாவது ஆளு இழுத்துக்கினு கீது" என்றார். ஆட்டம் முடிந்தது. டீயும் முடிந்தது. யாரும் காயைத் தொடவில்லை.

நான் விடுவேனா? பரிசுக் கட்டங்களைக் கூட்டினேன். வண்ணத்தை மாற்றினேன். மீஞ்சூரில் ஒரு மாட்டைக் குறுக்கே விட்டேன். எல்லாருக்கும் மாட்டைப் பிடித்தது, ஆட்டத்தைப் பிடிக்கவில்லை. மார்கழியும் பிறந்துவிட்டது. ஒரு நாள் அட்டையைக் கிழித்துப் போடப் போனேன். பாய் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"நம்ம பொண்ணுங்க எப்போ ரயில்ல போயிருக்காங்க? தினம் போறவங்க ஆடட்டும். நாளைக்குக் காலையில பாசஞ்சர்ல ஏறலாம்" என்றார்.

ஏறினோம். நான், துணைக்குக் கன்னியம்மா அக்கா, பாய். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மரப்பலகை இருக்கைகள் முதுகோடு முதுகாக இருக்கும். பாய்க்காகவே செய்து வைத்த மாதிரி இருந்தது. அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்தப் பக்கம் நாங்கள் மடி மேல் அட்டையை விரித்தோம். காய்களுக்குச் சட்டைப் பொத்தான்கள். வண்டி குலுங்கினாலும் நகராமல் இருக்க அடியில் மெழுகு ஒட்டியிருந்தேன். பகடையை உருட்டத் தகர டப்பா மூடி. எதிரே உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஒருவரும், மில் தொழிலாளி ஒருவரும், "இன்னாமா அது?" என்று கேட்டுக்கொண்டே ஆட வந்துவிட்டார்கள். திருநின்றவூரில் எல்லம்மா ஏறினாள். தினமும் பேசின் பிரிட்ஜிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் தங்கசாலைத் தெருவுக்குக் கீரை கொண்டுபோய் விற்கிறவள். கூடையை இறக்கி வைத்த வேகத்தில், "எனுக்கும் ஒரு காயி குடு" என்று உட்கார்ந்தாள்.

எல்லம்மாவுக்கு அன்றைக்குப் பகடை கொட்டோ கொட்டென்று கொட்டியது. முதலாவதாகப் பேசின் பிரிட்ஜுக்கு வந்து மாட்டிக்கொண்டாள். உருட்டினாள், ஒன்று விழவில்லை. மறுபடியும் இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் வண்டியும் நிஜமான பேசின் பிரிட்ஜுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. அந்த வண்டியில் தினமும் போகிறவர்களுக்கு அது ஒன்றும் புதிது இல்லை. பாதிப் பேர் ஜல்லியில் தொப் தொப்பென்று குதித்து, தண்டவாளத்தோரமாக நடக்க ஆரம்பித்தார்கள். எல்லம்மாவும் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். போகிற போக்கில் தன் பொத்தானைப் பிய்த்து ஒரு கட்டம் முன்னால் வைத்தாள்.

"நா எறங்கிட்டேன். என் காயும் எறங்கிச்சு!"

"அதெப்படி? ஒண்ணு விழணும்கா!" என்று நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எந்த ஊரு ஆட்டம்டி இது? பேசன் பிரிட்ஜுல எவடி குந்திக்கினு இருப்பா? தினம் நடந்துதானே போறேன், கண்ணத் தொறந்து பாரு!" என்றவள் குதித்தே விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ தோத்துட்டக்கா! அழுகுணி ஆட்டம்!" என்று கத்தினேன். கீழேயிருந்து அவள் கையை ஆட்டி, "போடி, நா நடந்தே ஜெயிச்சேன்!" என்று திருப்பிக் கத்தினாள். பெட்டியே சிரித்தது.

முதுகுக்குப் பின்னால் பலகையை யாரோ பட் பட்டென்று அடிக்கிற சத்தம். பாய்தான். "கேட்டியா அந்தம்மா குரல? ரெண்டு வாட்டி ஒண்ணு உழல. குரல் செத்துச்சா? இன்னா தெம்பா கத்துது பாரு!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தண்டனை கொடுத்துவிட்டு, அனுபவிக்கிறவர் கையில் எதையுமே கொடுக்காமல் உட்கார வைத்திருந்தேன். இறங்குவதா இருப்பதா என்று எல்லம்மா தானே முடிவு செய்தாள். தப்பாகவே முடிவு செய்தாலும் அது அவளுடைய முடிவு, அதனால் அவளுக்கு ஆட்டம் உயிரோடு இருந்தது. சென்ட்ரலிலிருந்து திரும்பும் வண்டியிலேயே பென்சிலால் புது விதி எழுதினேன். பேசின் பிரிட்ஜில் காத்திருக்கலாம், ஒன்று விழுந்தால் நேரே பிளாட்பாரம், அங்கிருந்து பகடை போட்டு வாசல். வேண்டாம் என்றால் இறங்கி நடக்கலாம், முறைக்கு ஒரு கட்டம். இறங்கினால் மறுபடி ஏற முடியாது.

அதோடு முடியவில்லை. நடக்கிற தூரம் எத்தனை கட்டம்? மூன்று வைத்தால் எல்லாரும் இறங்கி நடந்தார்கள். ஐந்து வைத்தால் ஒருத்தரும் இறங்கவில்லை. நாலு வைத்தேன், சண்டை வந்தது. "எறங்கு", "இரு" என்று ஆடாதவர்கள்கூடக் கத்தினார்கள். ஆட்டம் அமைப்பதில் நான் கற்றதிலேயே பெரிய பாடம் இதுதான். எந்தக் கட்டத்தில் பார்க்கிறவனுக்கும் வாய் சும்மா இருக்கவில்லையோ அங்கேதான் ஆட்டம் இருக்கிறது.

ஆனால் ஒரு குறை. கடைசியில் வருகிறவர் குரல் இன்னும் மங்கியது. பாய் ஒவ்வொரு தடவையும் அந்த ஆளைச் சரியாகச் சொல்லிவிடுவார். இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். பசை கிண்டும்போது பளிச்சென்று பட்டது. கைகாட்டி விழுந்தால் ஒரு ஆள் மட்டுமா சென்ட்ரலுக்குப் போவான்? வண்டி முழுக்கத்தானே போகும்! துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"பாய்! யாருக்கு ஒண்ணு விழுந்தாலும் வண்டியில உக்காந்திருக்கிற எல்லாருமே உள்ள போகட்டும் பாய்!"

அன்றைக்கு மத்தியானம் ஆடிப் பார்த்தோம். காத்திருக்கிறவர்கள் எல்லாரும் கட்சி சேர்ந்துகொண்டார்கள். எதிராளியின் பகடைக்கு, "விழு, விழு" என்று கும்பிட்டார்கள். இறங்கலாமா என்று யோசிக்கிறவளைப் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். கடைசியில் வந்தவளுக்கும் கைகாட்டி விழுந்தால் முதல் ஆளோடு ஒரே பிளாட்பாரம்! பாய் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "யாரு தோக்கறாங்கன்னு தெரில சரோஜா" என்றார். கன்னியம்மா அக்கா பசைக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

தை அமாவாசைக்கு முந்தின வாரம் தீர்ப்பு நாள். அதே பாசஞ்சர். பாய் பக்கத்தில் சின்ன பாயும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இந்தப் பக்கம் கன்னியம்மா அக்கா, குமாஸ்தா, மில்காரர், திருநின்றவூரில் ஏறிய எல்லம்மா. நான் ஆடவில்லை. டப்பா மூடியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்பத்தூர் தாண்டியபோது சுற்றிலும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்தார். "காசு வெச்சு ஆடறீங்களா?" என்று அதட்டினார். இல்லை என்று தெரிந்ததும் போகாமல் நின்றார். அட்டையில் கன்னியம்மா அக்கா பேசின் பிரிட்ஜில் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். குமாஸ்தாவும் எல்லம்மாவும் காத்திருந்தார்கள். மில்காரர் ரொம்பப் பின்தங்கி, அப்போதுதான் தட்டுத்தடுமாறி அந்தக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

"நானும் எறங்கிடட்டா?" என்று குமாஸ்தா கேட்டார்.

"தண்டவாளத்துல நடக்கறது குத்தம்" என்றார் பரிசோதகர். அட்டையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆனா இப்போ நீங்க நடந்துடறதுதான் நல்லது" என்றார். சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள்.

வண்டி நின்றது. வழக்கமான இடம்தான். எல்லம்மா பழக்க தோஷத்தில் எழுந்து, கூடையைத் தலையில் ஏற்றி, வாசல் வரைக்கும் போய்விட்டாள். ஒரு காலை வெளியே வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இருங்கடா! என் காயி வண்டியிலதான் கீது!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து, கூடையை என் மடியிலேயே தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். குமாஸ்தா உருட்டினார், நாலு. எல்லம்மா உருட்டினாள், ஐந்து. மில்காரர் மூடியை இரண்டு கையாலும் ஏந்திக் குலுக்கிக் கவிழ்த்தார்.

ஒன்று!

அந்தப் பெட்டியில் எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. "கைகாட்டி! கைகாட்டி!" என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள். வாசலுக்கு இன்னும் ஒரே கட்டம் நடக்க வேண்டியிருந்த கன்னியம்மா அக்காவை முந்திக்கொண்டு, அதுவரை கடைசியாக வந்துகொண்டிருந்த மில்காரர் ஆறு போட்டு வெளியே போனார். குமாஸ்தா, "அட பாவி!" என்று அவர் முதுகில் ஒரு அறை வைத்தார். எல்லம்மா தன் பொத்தானைப் பிடுங்கித் திருவள்ளூரில் ஒட்டி, "இன்னோர் ஆட்டம்! வையி, வையி, இப்போ நா உடமாட்டேன்!" என்றாள்.

பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அய்யய்யோ, சென்ட்ரல்டீ! என் கீரை! எல்லாம் உன்னால பேஜாராப் போச்சு!" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பிளாட்பாரத்திலிருந்து திரும்பி, "நாளைக்கும் எடுத்தாருவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

சின்ன பாய் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். "வாப்பா, பேசின் பிரிட்ஜுல நம்ம பெட்டியிலேருந்து ஒருத்தர்கூட எறங்கல" என்றார்.

"தெரியும். ஜல்லியில கால் சத்தமே கேக்கல" என்றார் பாய், இன்னும் கண்ணைத் திறக்காமல்.

"லேபிள் மிஷினை முன்பக்கம் போட்டுக்கறேன். அந்த மேஜைய யாரும் தொட வேணாம்." சின்ன பாய் இப்படிச் சொன்னதும் கன்னியம்மா அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். நானும்தான்.

அதற்குப் பிறகு அந்த மேஜையில் நான் எத்தனையோ ஆட்டம் செய்தேன். சில ஓடின, சில படுத்தன. அவற்றையெல்லாம் மூன்றாவது மாடிப் பிள்ளைகள் கேட்டால் நேரில் சொல்கிறேன். அன்றைக்கு நடந்த இன்னொன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. பாய் வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்காரப் போனவர், நின்றார். சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எனுக்கும் ஒரு காயி வை" என்றார்.

கன்னியம்மா அக்கா என்னைக் கிள்ளினாள், முதலாளி என்று விட்டுக்கொடு என்கிற அர்த்தத்தில். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பேசின் பிரிட்ஜில் பாய் அவசரப்பட்டு இறங்கி நடந்தார். நான் உட்கார்ந்திருந்தேன், எனக்குக் கைகாட்டி விழுந்தது, ஜெயித்தேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க வேண்டுமே! தாடியைத் தடவிக்கொண்டு அட்டையையே முறைத்தார். நான் வாயே திறக்கவில்லை. நன்றாக இருந்ததா என்று கேட்கக் கூடாது இல்லையா?

ஆவடி ஸ்டேஷனில் ஒரு டீ வாங்கினார். பாதி குடித்திருப்பார். டம்ளரை இருக்கை மேல் வைத்துவிட்டு, தன் பொத்தானைப் பிய்த்து எடுத்து, கும்மிடிப்பூண்டிக் கட்டத்தில் அழுத்தி ஒட்டினார்.

"இன்னொரு ஆட்டம்" என்றார்.